சோழவரத்தில் ஓடிய பாதை

அன்புள்ள அண்ணா,
பரந்தூரில் புது விமான நிலையம் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. விமான நிலையம் என்றால் மீனம்பாக்கம், அதை விட்டால் காஞ்சிபுரம் பக்கம். வடசென்னைக்கு அனல்மின் நிலையச் சாம்பலும் கண்டெய்னர் லாரியும்தானா? சோழவரத்தில் ஓடுபாதையே இருந்ததாமே, அதை ஏன் யாரும் யோசிக்கவில்லை?
- க., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போட்ட பாதை. போர் முடிந்தபின் அதில் கார், பைக் ரேஸ் விட்டார்கள். எங்கள் பெரியப்பா ராயபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரத்துக்கு வாயாலேயே எஞ்சின் ஓட்டுவார். அப்புறம் ரேஸும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. அதையும் உங்கள் புகார்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மீனம்பாக்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது? ஒரு பக்கம் குன்றுகள், ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் வீடுகள். இரண்டாவது ஓடுபாதையை ஆற்றின்மேல் பாலம் கட்டித்தான் நீட்ட முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஓடுபாதைக்கே வந்துவிட்டது. நாள்கணக்கில் மூடிவைத்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். 2023 ஏப்ரலில் புது முனையம் திறந்தாயிற்று, சரி. கட்டடத்தைப் பெரிதாக்கலாம், ஓடுபாதைக்கு எங்கே போவது? அதனால்தான் பரந்தூர். அங்கே வயலை விட மாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022 முதல் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சோழவரம் என்று முடிவாகியிருந்தால் பந்தலில் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். அந்தப் பக்கம் இருப்பது நாம் குடிக்கிற ஏரி வேறு.

நமக்கு இல்லாமல் இருந்தது மீனம்பாக்கத்துக்குப் போகிற வழி. சித்தப்பா குவைத் போனபோது வேன் பிடித்துப் பதினாலு பேர் போனோம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் நாலு பக்கமும் அவர் பெயர். மூலக்கொத்தளம் நெரிசலிலேயே சித்தி அழுது முடித்துவிட்டார். விமான நிலையத்தில் அழ ஒன்றும் மிச்சமில்லை.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. விமான நிலையம் வரை வண்டி மாறாமல் போகலாம். போன மாதம் டோல்கேட் ஸ்டேஷனில் ஒரு பையன், பெரிய சூட்கேஸ், முதல் பயணம் போல. கூட வந்த அம்மா கையில் மஞ்சள் பை. உள்ளே நாலு பாலிதீன் கவர் சுற்றிய கருவாடு, சுற்றியும் வாசனை நிற்கவில்லை. டிக்கெட் காட்டும் கதவருகே வந்ததும் நின்றுவிட்டார். “இதுக்கு மேல நான் வரக்கூடாதாப்பா?” என்று என்னிடம் கேட்டார்.

டிக்கெட் எடுத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். பையைப் பையன் கையில் திணித்துவிட்டு, சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டே கவுண்டருக்கு ஓடினார்.