காலனியாகாத தாய்லாந்தில் ராணுவம் ஏன் அடிக்கடி ஆட்சியைப் பிடிக்கிறது?

யாருக்கும் அடிமைப்படாத நாடு என்பது சரிதான், ஆனால் சும்மா கிடைத்த பெருமை இல்லை. பர்மாவில் பிரிட்டன், இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பிரான்ஸ். நடுவில் மோதல் வேண்டாமென்று சயாமை, அதாவது அன்றைய தாய்லாந்தை, விட்டுவைத்தார்கள். அப்படியும் 1893-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சாவ் பிரயா ஆற்றில் ஏறி பாங்காக் வரை வந்து நின்றன. மேகாங் ஆற்றின் கிழக்குக்கரை கைவிட்டுப் போனது. 1909-இல் கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிஸ் ஆகிய மலாய் பகுதிகள் பிரிட்டனுக்குப் போயின.

நாட்டைக் கட்டிக்காக்க மன்னர் சுலாலங்கோர்ன் நவீன ராணுவத்தை வளர்த்தார். 1932-இல் ராணுவ அதிகாரிகளும் சிவில் அதிகாரிகளும் சேர்ந்து மன்னரின் முழு அதிகாரத்தைப் பறித்தார்கள். அப்புறம் ஆட்சியைப் பிடிப்பதே ராணுவத்துக்குப் பழக்கமாகிவிட்டது: கடைசியாக 2006-இலும் 2014-இலும்.

என்னைக் கேட்டால், டாங்கியைவிடச் சட்டம்தான் கெட்டிக்காரத்தனம். ராணுவ ஆட்சியில் வந்த அரசியலமைப்பு, அந்த ஆட்சி நியமித்த 250 செனட்டர்களுக்கும் (மேலவை உறுப்பினர்கள்) பிரதமர் தேர்வில் வாக்களிக்கும் உரிமை கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர்தான் 2023 தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சியின் தலைவர் பிட்டாவைப் பிரதமராக விடாமல் தடுத்தார்கள்.