வெளுத்துப்போன ஸ்கூட்டர் பேனல்களுக்கு ஸ்பிரே கேன் கொண்டு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் சேலம் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்று வெளுத்த சிவப்பு பேனல்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதால், முதலில் ஒரு மூலையில் ரப்பிங் காம்பவுண்டை (வெளுத்த மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றும் பசை) தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு திரும்பினால் பெயின்டே தேவையில்லை. நிறத்தின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் தோல்போல் உரிந்திருந்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

பேனல்களைக் கழற்றி, சோப்பு நீரால் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, 400, பிறகு 600 எண் வாட்டர் பேப்பரால் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் அதற்குரிய பிரைமரை (பெயின்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) தவிர்த்தால், எவ்வளவு நல்ல பெயின்டும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

பலர் பொருட்படுத்தாதது வானிலையைத்தான். 40 டிகிரியை நெருங்கும் சேலத்துக் கோடை நண்பகலில் துளிகள் பேனலில் படியும் முன்பே பாதி உலர்ந்து, பரப்பு சொரசொரப்பாகிவிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ, கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மூடுபனியின் ஈரம் அதில் படிவதால் பெயின்ட் பால்போல் வெளிறும். ஆகவே சேலத்தில் காலை வேளையில் நிழலிலும், மலையில் பனி விலகிய உலர்ந்த நாளிலும் அடியுங்கள்.

கேனை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சுகளாக அடிப்பது நல்லது. பெட்ரோல் சிந்தும் பகுதிக்குச் சாதாரண கிளியர் தாங்காது. கெட்டியாக்கியும் சேர்ந்த இரு கூறு கிளியர் தேவை. அதில் சுவாசத்தைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், துணி முகக்கவசத்தை நம்பாமல், அதற்கென உள்ள வடிகட்டி முகமூடி அணிந்து திறந்தவெளியில் மட்டுமே அடியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.