மூடித் திறந்தால் விழிக்காத மடிக்கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் திருகோணமலைக் கடற்கரையோரம் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. தவணைப் பரீட்சை வினாத்தாள்களை இரவில் மடிக்கணினியில் தயாரித்துவிட்டு, அதை அப்படியே மூடிவைத்துப் படுப்பது வழக்கம். சில வாரங்களாகக் காலையில் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. ஓரத்தில் ஒரு சிறு விளக்கு மட்டும் எரிகிறது. பவர் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் கணினி புதிதாகத் தொடங்குகிறது. ஆனால் சேமிக்காத பக்கங்கள் போய்விடுகின்றன. திருத்தும் கடையில் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். புதிதாகத் தொடங்கிய பின் நாள் முழுவதும் ஒழுங்காக வேலை செய்து, உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் தடுமாறுகிற கணினியில், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில்தான் இருக்கும். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு பழுதாகியிருந்தால் வேறு அறிகுறிகளும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லீப் என்னும் நிலையில் கணினி அணைந்துவிடுவதில்லை. நீங்கள் திறந்து வைத்திருந்த வினாத்தாள் உட்பட அனைத்தும் ராம் என்னும் தற்காலிக நினைவகத்தில் இருக்க, அது அழியாதபடி சிறிதளவு மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்ததும் திரை, விசைப்பலகை, வைஃபை, வன்தட்டு என ஒவ்வொரு பாகத்தையும் அதற்குரிய ட்ரைவர் என்னும் இயக்கு மென்பொருள் எழுப்ப வேண்டும். இவற்றில் ஒன்று பதில் சொல்லாமல் நின்றாலும் முழுக் கணினியும் அங்கேயே நின்றுவிடக்கூடும். திரையை இயக்கும் கிராபிக்ஸ் ட்ரைவர்தான் இப்படி அதிகம் தடுமாறுவது. பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும்போது ராமுக்குச் செல்லும் மின்சாரமும் நின்றுபோவதால்தான் உங்கள் பக்கங்கள் அழிகின்றன. ஆகவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முதலில் கணினி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டறியுங்கள்.

விசைப்பலகையில் கப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதெல்லாம் அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்துவிட்டது, திரைக்குத்தான் படம் வரவில்லை. அப்போது திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் விசையை முதலில் அழுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளையும் பிடித்துக்கொண்டு, கீழ் வரிசையில் வி, என் ஆகிய எழுத்துகளுக்கு நடுவிலுள்ள பி விசையைத் தட்டுங்கள். இது கிராபிக்ஸ் ட்ரைவரை மட்டும் மீண்டும் தொடக்கும். திறந்துள்ள கோப்புகளைத் தொடாது. ஒரு சிறு ஒலி கேட்டுத் திரை மினுங்கி உயிர்பெற்றால், குற்றவாளி அந்த ட்ரைவர்தான் என்று ஏறத்தாழ உறுதியாகிவிடும். வகுப்பறையில் புரொஜெக்டர் பயன்படுத்துபவராயின் இன்னொன்றையும் பாருங்கள்: படத்தை வெளித்திரைக்கு மட்டும் அனுப்பும்படி கடைசியாக அமைத்திருந்தால் சில வேளைகளில் அந்த அமைப்பே நிலைத்துவிடும். விண்டோஸ் விசையுடன் மேல் வரிசையில் ஓ எழுத்துக்கு அடுத்துள்ள பி விசையைத் தட்டினால் அதை மாற்றும் பட்டியல் வரும்.

இவ்வளவுக்கும் திரை கறுப்பாகவே இருந்தால், அறையை இருட்டாக்கிக் கைப்பேசியின் டோர்ச் ஒளியைத் திரைமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகளோ படமோ தெரிந்தால் திரையின் பின்னொளி பழுதாகியிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியுடன் இணைத்தபோது அதில் மட்டும் படம் வந்தால், திரையையோ கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கேபிளையோ சோதிக்க வேண்டும். கடற்கரைக்கு இவ்வளவு அருகில் உப்புக்காற்றில் வாழும் கணினிகளில் கேபிள் முனைகள் அரிப்பது நடக்கக்கூடியதே. அதைச் சரிசெய்யும் செலவு மதர்போர்டின் செலவுக்கு அருகிலும் வராது.

கப்ஸ் லொக் விளக்கு அசையவே இல்லையா? பவர் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு அரை நிமிடமாவது பொறுத்திருங்கள். பழைய வன்தட்டுள்ள கணினி ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழ நேரமெடுக்கும்; அந்த நேரத்தில் பொறுமையிழந்து பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதாலேயே சிலரின் கணினி குழம்பிப்போகிறது. பிறகும் அசைவில்லாவிட்டால்தான் பொத்தானைப் பத்து விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேர்ட் மென்பொருள் வழமையாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை மீட்புப் பிரதி ஒன்றை எடுத்துவைக்கும். மீண்டும் திறக்கும்போது இடப்பக்கம் அந்தப் பிரதி காட்டப்பட்டால் அதை மூடிவிடாமல் முதலில் வேறு பெயரில் சேமியுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்கு, உங்கள் கணினி மாதிரிக்கென்று தயாரிப்பாளர் தமது இணையத்தளத்தில் தந்திருக்கும் கிராபிக்ஸ் ட்ரைவரை நிறுவுங்கள். கோளாறு ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் தொடங்கியது என்று நினைவிருந்தால் எதிர்த் திசையில் போக வேண்டும்: கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில், திரைக்குப் படம் தரும் பாகமான டிஸ்ப்ளே அடப்டரின் பண்புகளைத் திறந்து, பழைய ட்ரைவருக்குத் திரும்பும் பொத்தானை அழுத்துங்கள்.

அடுத்ததாக, பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதியை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸ் 8 வெளிவந்த 2012 முதல் இருக்கும் இந்த வசதியால், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் கருப்பகுதியை வன்தட்டில் எழுதிவைத்து மறுமுறை அதையே எடுத்துக்கொள்கிறது. குழம்பிய ட்ரைவரும் அதோடு சேர்ந்தே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அனைத்தும் புதிதாகத் தொடங்கும். தினமும் ஷட் டவுன் செய்தும் குறை தீரவில்லை என்று எழுதுபவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் காரணம் இதுவாக இருக்கக்கூடும். கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில், பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவுசெய்யும் பக்கத்தில் இதன் குறியை நீக்கலாம்.

கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸின் அப்டேட்டும் பல வேளைகளில் இந்தக் கோளாற்றைத் தீர்க்கும். ஆனால் அது பாதியில் நின்றுபோனால் கணினி தொடங்கவே மாட்டாது என்பதால், சார்ஜர் இணைந்தும் பற்றரி நிறைந்தும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மாரி மழையில் மின்சாரம் வந்து வந்து போகும் நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

மதர்போர்டைப் பற்றி உங்களுக்கு உறுதி வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு யூ.எஸ்.பி. பென்டிரைவிலிருந்தே இயக்கலாம், உங்கள் வன்தட்டில் எதையும் நிறுவத் தேவையில்லை. அதில் கணினியைச் சிலமுறை உறங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுந்தால் மதர்போர்டு குற்றமற்றது என்று துணிந்து சொல்லலாம். அங்கும் எழாவிட்டால் வன்பொருள்மீது சந்தேகம் வலுக்கிறது, அவ்வளவுதான். அதுவே முடிவான சான்றாகாது. மாற்றச் சொல்பவர் இந்தச் சோதனையைச் செய்தாரா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆசிரியச் சம்பளத்தில் வாங்கிய கணினியை ஊகத்தின் பேரில் அறுக்க விடாதீர்கள்.

குறை தீரும்வரை, மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்நேட் ஆகும்படி அதே பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் மாற்றிவையுங்கள். ஹைபர்நேட்டில் ராமில் உள்ள அனைத்தும் வன்தட்டில் எழுதப்பட்டுக் கணினி முழுமையாக அணைந்துவிடும். இரவில் மின்வெட்டு வந்து பற்றரி வற்றினாலும் வினாத்தாள் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். விடுமுறைக்கு மட்டக்களப்புக்குப் புறப்படும்போது மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தேன். வீட்டில் எடுத்தபோது அடுப்பில் வைத்தது போல் சுட்டது. எதை அழுத்தினாலும் விழிக்கவில்லை. ஏன்?

பதில்: அண்மைக்கால மடிக்கணினிகளில் பழைய ஸ்லீப்புக்குப் பதிலாக மொடர்ன் ஸ்டான்ட்பை என்னும் முறை இருக்கிறது. கைப்பேசியைப் போல, திரை அணைந்திருந்தாலும் கணினி உள்ளே இடையிடையே விழித்து மின்னஞ்சலையும் அப்டேட்டுகளையும் கவனிக்கும். பைக்குள் காற்றோட்டம் இல்லாததால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தேங்குகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பஸ்ஸுக்குள் இருக்கும் வெப்பமும் சேர்ந்தால், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும், அல்லது பற்றரி முழுமையாக வற்றிவிடும்.

முதலில் பையிலிருந்து எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏற்றாதீர்கள். பின்னர் அதற்குரிய சார்ஜரை இணைத்து அரை மணி நேரம் கழித்துப் பவர் பொத்தானை அழுத்துங்கள்; அடியோடு வற்றிய பற்றரி உடனே பதில் சொல்லாது. ஆனால் சார்ஜரை இணைக்கும் முன்பே கணினியை மேசைமீது வைத்து ஓரத்திலிருந்து கூர்ந்து பாருங்கள். அடிப்பகுதி புடைத்து ஆடினாலோ, தொடுபலகை மேலெழுந்து சொடுக்க மறுத்தாலோ பற்றரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் சார்ஜ் ஏற்றாமல், அழுத்தாமலும் குத்தாமலும் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீங்கிய லிதியம் பற்றரி தீப்பற்றக்கூடியது. இதில் துணிச்சல் காட்டக்கூடாது.

இனிமேல் பயணத்துக்கு முன் ஹைபர்நேட் கொடுங்கள், அல்லது முழுமையாக அணையுங்கள். விளக்குகள் அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பையில் வையுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் விருந்தினர் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். இரண்டு மடிக்கணினிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதைத் திறந்து வேலை செய்கிறேன். அது அடிக்கடி தானாக உறங்கி, எழ மறுக்கிறது. கீழே இறக்கிவைத்தால் குறை இல்லை.

பதில்: விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மூடி மூடப்பட்டதை அறிய, திரைச் சட்டத்தில் ஒரு சிறு காந்தமும் விசைப்பலகைப் பக்கத்தில் அதை உணரும் ஹோல் சென்சரும் உள்ளன. கீழுள்ள கணினியின் மூடியிலிருக்கும் காந்தத்தை மேலுள்ள கணினி தன் மூடி என்று எண்ணிக்கொள்கிறது. காந்தம் உள்ள கைப்பேசி உறை, காந்தப் பூட்டுள்ள கைக்கடிகாரப் பட்டி ஆகியவையும் கை வைக்கும் இடத்தில் இதையே செய்யும். இரண்டையும் பிரித்து வையுங்கள். திருத்த எதுவும் இல்லை.

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய டப்லெட்டில்தான் பேரப்பிள்ளைகளுடன் பேசுவேன். மூன்று நாட்களாகத் திரை வரவில்லை. உள்ளே இருக்கும் குடும்பப் படங்கள் அழிந்துவிடுமோ என்று பயந்து எதையும் அழுத்தவில்லை.

பதில்: பயப்பட வேண்டாம், ஐயா. பொத்தான்களை அழுத்திப் பிடித்து மீண்டும் தொடங்கவைக்கும் கட்டாய மறுதொடக்கம் படங்களை அழிப்பதில்லை. முதலில் உறையைக் கழற்றிவிடுங்கள். மடிப்பு உறைகளிலும் காந்தம் இருப்பதால், மூடி சரியாக விலகாவிட்டால் டப்லெட் விழிக்காது. பின்னர் சுவரிலுள்ள பிளக்கில் சார்ஜரை இணைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கணினியின் யூ.எஸ்.பி. துளையில் இணைத்தால் போதிய மின்சாரம் கிடைக்காது. சார்ஜ் துளையில் தூசியோ உப்புப் படிவோ தெரிந்தால் உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். ஊசி, ஊக்கு போன்ற உலோகப் பொருள்கள் உள்ளே போகவே கூடாது.

அதன் பின்னும் திரை வராவிட்டால், அன்ட்ரொயிட் டப்லெட்டாயின் பவர் பொத்தானையும் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாகப் பத்து முதல் இருபது விநாடிகள் பிடித்திருங்கள். அடியில் வட்டப் பொத்தான் உள்ள ஐபாட் என்றால் அதையும் மேலுள்ள பொத்தானையும் ஒன்றாக, அப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். வட்டப் பொத்தான் இல்லாத ஐபாட்டில், மேற்பொத்தானுக்கு அருகிலுள்ள ஒலிப் பொத்தானைத் தட்டி, மற்ற ஒலிப் பொத்தானையும் தட்டிய பின், மேற்பொத்தானைச் சின்னம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். அன்ட்ரொயிட்டில் பொத்தான்கள் மாறிப்போய், கறுப்புப் பின்னணியில் ஆங்கிலப் பட்டியல் ஒன்று வந்தால் அதில் எதையும் தெரிவுசெய்யாமல் பேரப்பிள்ளைகளில் பெரியவரிடம் காட்டுங்கள். டேட்டாவைத் துடைப்பதற்கான வரி அந்தப் பட்டியலில்தான் இருக்கும். டப்லெட் உயிர்பெற்றதும் படங்களை ஒரு மெமரி கார்டிலோ கணினியிலோ பிரதி எடுத்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: மூதூரிலிருந்து நகரத்துக்குக் கணினியைத் திருத்தக் கொண்டுபோவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். ஒரே பயணத்தில் முடிய என்ன செய்யலாம்?

பதில்: எந்த விளக்கு எரிகிறது, கப்ஸ் லொக் மாறுகிறதா, விசிறிச் சத்தம் கேட்கிறதா, சார்ஜர் இணைந்திருக்கும்போதும் நடக்கிறதா, எப்போது தொடங்கியது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். விழிக்காத நிலையில் இருக்கும் கணினியைக் கைப்பேசியில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கடையில் வைத்ததும் கணினி ஒழுங்காக எழுவது புதிதல்ல. கோப்புகளை முன்கூட்டியே வேறிடத்தில் பிரதி எடுங்கள். வன்தட்டு, விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டு வசதியான பிட்லொக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பயோஸ் அப்டேட்டுக்கோ மதர்போர்டு மாற்றத்துக்கோ பின் 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். வீட்டிலேயே பார்த்து எழுதிவையுங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பல வேளைகளில் பழுது அதில்தான் இருக்கும்.