பட்டை ஒன்றா, இரண்டா?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒன்பது வருடங்களாக ஒரு பறவை நோக்கர் குழுவில் இருக்கிறேன். ஆரம்பத்தில் முப்பது பேர். ஞாயிறு விடியற்காலை ஏதாவது ஒரு குளக்கரை, திரும்பும்போது டீ, இரவு வாட்ஸ்அப்பில் அன்றைய பட்டியல். இப்போது நானூறு பேருக்கு மேல். போன மாதம் நிர்வாகிகள் குழுவின் பெயரிலிருந்து 'பறவை'யை எடுத்துவிட்டார்கள். இனி எல்லாரும் எல்லாவற்றையும் பேசலாமாம். எம்டிவியே பாட்டை விட்டுவிட்டது, ஆனந்த விகடன்கூட நகைச்சுவைப் பத்திரிகையாகத் தொடங்கியதுதானே, விரிந்தால்தான் நிலைக்கும் என்கிறார்கள். சென்ற வாரம் சிங்காநல்லூர் குளத்தில் எடுத்த கருப்பு வெள்ளை மீன்கொத்திப் படத்தைப் போட்டேன். நான்கு கட்டைவிரல்கள். அதற்கடியில் அன்றைய தங்கம் விலை. விலகி வேறு குழு தொடங்கலாமா? இப்படி நினைப்பதே மேட்டிமைத்தனமா? பறவைகளைப் பற்றி நல்ல தமிழ் நூல்கள் சில சொல்ல முடியுமா?

சு.

அன்புள்ள சு.,

நூல்கள் பிறகு. மேட்டிமைத்தனம் என்ற பேச்சை விடுங்கள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள நின்று நாரை எண்ணுகிறவருக்கு என்ன மேட்டிமை?

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளே க்யூஎஸ்எல் அட்டைகள். சிற்றலை வானொலி கேட்டு, எந்த அலைவரிசை, என்ன நேரம், என்ன கேட்டது என்று எழுதிப் போட்டால் நிலையங்கள் அனுப்பும் ஒப்புதல் அட்டை. டிரானா, மாஸ்கோ, பீக்கிங், ஈக்வடாரின் கீட்டோ. 1985 வாக்கில் எங்கள் ஊரில் ஆறு பேர் இதற்காகவே கூடினோம். ஒரு டெய்லர், ஒரு பள்ளி ஆசிரியர், தபால் பிரிக்கும் ஒருவர், லேத் பட்டறைக்காரர் ஒருவர், ஒரு சைவ ஓட்டல் சரக்கு மாஸ்டர், பட்டப்படிப்பில் அரியர் வைத்திருந்த நான். இந்த ஆறு பேரும் வேறு எந்தக் காரணத்துக்காகவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

டெய்லர் அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நிகழ்ச்சிக்கு முன் நிலையங்கள் போடும் அடையாள இசை அத்தனையும் தெரியும். ஒரு மாலை இரைச்சலுக்கு நடுவே யாரோ கும்பலாகச் சிரித்தார்கள். "தம்பி, இது ஆளில்லை, குருவி" என்றார் அண்ணன், காஜா எடுத்துக்கொண்டே. ரேடியோ ஆஸ்திரேலியா. அது குக்கபரா என்ற பறவையின் குரல் என்று பிறகு ஆசிரியர் கலைக்களஞ்சியம் பார்த்து வந்து சொன்னார். மீன்கொத்தி வகைதானாம், ஆனால் மீனை நம்பிப் பிழைப்பதில்லை. பல்லி, பாம்பு, பூச்சி. "அப்புறம் எதுக்கு அதுக்கு மீன்கொத்தின்னு பேரு?" என்று சரக்கு மாஸ்டர் கேட்டார். இரண்டு வாரம் அதே பேச்சு. அலகா, இனமா, தீனியா, எதை வைத்துப் பெயர்? எங்களில் ஒருவருக்கும் அந்தப் பறவையால் பத்துப் பைசா பிரயோஜனம் கிடையாது.

மன்றத்தின் பெயரில் 'சிற்றலை' என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து அதை எடுத்துவிட்டுப் 'பல்சுவை' என்று போட்டார்கள். போட்டார்கள் என்ன, போட்டது நான்தான். ஆறு பேர் ஆறு பேராகவே இருக்கிறோமே என்று எனக்கு அரிப்பு. மைக் பிடிக்கவும் ஆசை. அறுபது பேர் சேர்ந்தார்கள். கவியரங்கம், பட்டிமன்றம், தலைவருக்குச் சால்வை. ரேடியோவுக்குத் துணி போர்த்தி மூலையில் வைத்தோம், அறிவிப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று. டெய்லர் அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார், கைகளை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி.

அடுத்த தேர்தலில் மன்றம் இரண்டாக உடைந்தது. அப்போதுதான் தெரிந்தது, ஆசிரியரும் டெய்லர் அண்ணனும் எதிரெதிர்க் கட்சி. நான்கு வருடம் தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. 31 மீட்டர் சிற்றலையில் அந்தப் பேச்சு வரவே இல்லை. 'பொது' என்று பலகை மாட்டியதும் முதலில் உள்ளே வந்தது அதுதான். உங்கள் நிர்வாகிகள் நினைப்பதுபோலப் பொது என்பது காலி மைதானமில்லை, சு. அங்கே கட்சியும் சாதியும் சினிமாவும் தங்கம் விலையும் எப்போதோ துண்டு போட்டு இடம் பிடித்தாயிற்று. மீன்கொத்தி நின்றுகொண்டுதான் வர வேண்டும்.

எம்டிவி கதையை இங்கே இழுக்காதீர்கள். 1981ல் பாட்டுக்கென்றே தொடங்கி, 2010ல் சின்னத்திலிருந்து 'மியூசிக் டெலிவிஷன்' என்ற சொற்களையே எடுத்தார்கள். விளம்பரம் விற்கிற கடை, சரக்கை மாற்றும். உங்கள் குழு எதை விற்கிறது? விகடன் உதாரணம் இன்னும் மோசம். 1926ல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கியதை 1928ல் வாசன் வாங்கி விரித்தார், உண்மை. பெயரைத் தொட்டாரா? விகடம் பெயரிலும் இருந்தது, பக்கங்களிலும் இருந்தது. அதைவிட முக்கியம், அங்கே ஓர் ஆசிரியரும் ஒரு குப்பைக்கூடையும் இருந்தன. உங்கள் நானூறு பேரில் குப்பைக்கூடை யாரிடம் இருக்கிறது?

உங்களையும் கேட்கிறேன். முதல் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ வந்த அன்று வாயைத் திறந்தீர்களா? மாட்டீர்கள். மனசு புண்படுமே. பதிலுக்கு இரண்டு கைகளைக் கூப்பி அனுப்பியிருப்பீர்கள். மூன்றாம் வருடம் பேச வேண்டியதை ஒன்பதாம் வருடம் எனக்கு எழுதுகிறீர்கள். நிர்வாகிகளைத் திட்ட உங்களுக்கு உரிமையில்லை. எனக்கு அறவே இல்லை.

2017 ஜனவரி 31ல் ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை நிறுத்தியது. அதற்கு மூன்று வருடம் முன்பே அண்ணன் போய்விட்டார். கடைசியாகப் பார்த்தபோது, "அந்தச் சிரிக்கிற குருவி இப்பவும் வருதா தம்பி?" என்றார். நான் ரேடியோவைத் தொட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வருதுண்ணே என்றேன்.

வேறு குழுவெல்லாம் இப்போது தொடங்க வேண்டாம். பெயர் வைக்க ஆரம்பித்தால் உடனே தலைவர், செயலாளர் வந்துவிடுவார்கள். பழைய முப்பது பேரில் நான்கு பேருக்குப் போன் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு வரச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தியில் ஆணுக்கு மார்பில் இரண்டு கருப்புப் பட்டை, பெண்ணுக்கு நடுவில் அறுந்த ஒற்றைப் பட்டை. நானூறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை என்கிறீர்கள், நீங்களும் கடிதத்தில் எழுதவில்லை. உங்களுடையதற்குப் பட்டை ஒன்றா, இரண்டா? கிளையில் உட்கார்ந்திருந்ததா, இறக்கை அடித்து அந்தரத்தில் நின்றதா?