உள்ளே போக மறுக்கும் வீக்கம்

கேள்வி: எனக்கு வயது 44. எட்டு மாதமாக வலது தொடை இடுக்கில் வீக்கம். நின்றால் தெரிகிறது, படுத்தால் மறைகிறது. ஹெர்னியா (குடலிறக்கம்), ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் மருத்துவர். ஆபரேஷன் செய்தால் தாம்பத்தியம் பாதிக்கும், வலை வைத்தால் புற்றுநோய் வரும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அதனால் பெல்ட் போட்டு, எண்ணெய் தேய்த்து, தினமும் வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன். இப்படியே ஓட்டலாமா? என் அம்மாவுக்கும் (68) தொடை மடிப்புக்குக் கீழே சின்ன உருண்டை இருக்கிறது, வலி இல்லை என்கிறார்.

பதில்: ஹெர்னியா ஆபரேஷனால் ஆண்மை போகாது. எட்டு மாதமாக உங்களைத் தடுத்து வைத்திருப்பது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன். விறைப்புக்கான நரம்புகள் இடுப்புக்குழியின் ஆழத்தில் இருக்கின்றன. ஆபரேஷன் நடப்பது வயிற்றுச் சுவரில். அந்த வழியாக விந்துக்குழாயும் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் செல்வது உண்மை. அவற்றைப் பத்திரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அறுவை நிபுணர் வேலையைத் தொடங்குவார். அவை சேதமாவது மிக அரிது. சிலருக்கு அந்த இடத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கும், சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

வலையால் புற்றுநோய் வராது. வயிற்றுச் சுவரின் ஓட்டையை மூட வைக்கும் அந்த வலை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பல பத்தாண்டுகளாக உடலுக்குள் போடும் தையல் நூல்களில் ஒன்றும் அதே பொருள்தான். வலை இல்லாமல் தசையை மட்டும் இழுத்துத் தைத்தால், ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல்.

அப்புறம் எண்ணெய். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையைப் பெரியவர்களுக்கு எந்தத் தைலமும் மாத்திரையும் உடற்பயிற்சியும் மூடாது. பெல்ட் வீக்கத்தை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். தினமும் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். இன்னொன்று, உங்களைக் காப்பாற்ற வேண்டிய வலியையே அது மறைத்துவிடும்.

எந்த வலி என்று சொல்கிறேன். இன்றுவரை படுத்தால் உள்ளே போன வீக்கம், ஒரு நாள் படுத்தும் போகாமல் நிற்கலாம். தொட்டால் கல் மாதிரி இருக்கும், கை வைக்கவே விடாது. இருமினாலும் அசையாது. கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கி வலிக்கும், உப்பும், வாந்தி வரும், காற்றுகூடப் பிரியாது. வெளியே வந்த குடல் அந்தக் குறுகிய ஓட்டையில் நெரிபடுகிறது என்று அர்த்தம். ரத்தம் வெளியேற முடியாமல் குடல் முதலில் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடி, உள்ளே வரும் ரத்தமும் நின்றுவிடும். பிறகு சில மணி நேரத்திலேயே அந்தத் துண்டு அழுக ஆரம்பிக்கலாம். மேல்தோல் சிவந்தாலோ கறுத்தாலோ ஏற்கெனவே தாமதம் என்று பொருள்.

அந்த நிலையில் வீக்கத்தை அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். பேதி மருந்து வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். நள்ளிரவானாலும் அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தவர்களுக்குத்தான் ஹெர்னியாவோடு சேர்த்துக் குடலையும் வெட்டி எடுக்க வேண்டியதாகிறது.

சரி, அதுவரை காத்திருக்கலாமா? தொந்தரவே இல்லாத ஆண்கள் காத்திருப்பதில் பெரிய தவறில்லை. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிக் காத்திருந்தவர்களில் திடீர் நெருக்கடி வந்தது ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 10 ஆண்டுகளுக்குள் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். நீங்களோ தினமும் மாத்திரை போடும் அளவுக்கு வலிக்கிறது என்கிறீர்கள். தொந்தரவு இல்லாதவர் கணக்கில் உங்களைச் சேர்க்க முடியாது. நேரம் குறித்து, நிதானமாகச் செய்துகொள்ளுங்கள். திறந்து செய்வதா, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியா என்பதை, அதில் அதிகம் பழகிய அறுவை நிபுணரிடமே விட்டுவிடலாம். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடமாடலாம், கனமான பொருளை மட்டும் சில வாரங்கள் தூக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே, புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள். நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிப்பது, இதில் எது இருந்தாலும் முதலில் சரிசெய்யுங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த உருண்டைதான் எனக்கு உங்கள் வீக்கத்தைவிட அதிகக் கவலை தருகிறது. வயதான பெண்களுக்குத் தொடை மடிப்புக்குக் கீழே வருவது தொடைக்குழி ஹெர்னியாவாக இருக்கலாம். அதன் வாய் மிகக் குறுகல், எளிதில் நெரியும், அதனால் ஆண்களுக்குச் சொன்ன காத்திருப்பு அங்கே செல்லாது. வெறும் நெறிகட்டியாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துச் சொல்லட்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள்.