அண்ணன் வட்டி வாங்கவில்லை, குட்டி வாங்குகிறார்

கேள்வி: எங்களிடம் 60 தாய் ஆடுகள் இருக்கின்றன, எல்லாம் செம்மறி. எட்டு வருஷத்துக்கு முன்னால் 85 இருந்தது. என் கூடப்பிறந்த அண்ணன் ஆட்டு வியாபாரி. எப்போது முடை வந்தாலும் முன்பணம் கொடுப்பார், ஒரு பைசா வட்டி கேட்டதில்லை. பதிலுக்குக் குட்டிகளை மூன்று மாதத்தில், 13 கிலோ இருக்கும்போதே, கண்ணால் பார்த்து எடை சொல்லிப் பிடித்துக்கொண்டு போவார். அவருக்கு இன்றைக்கும் 40 குட்டி விலை பாக்கி. எட்டு வருஷமாக அது குறையவே இல்லை. இப்போது எங்கள் வட்டாரத்தில் 22 குடும்பங்கள் சேர்ந்து, எங்கள் ஆட்டிறைச்சிக்கென்று தனிப் பெயர், முத்திரை, குளிர்பதன வண்டி என்று ஒரு குழு தொடங்குகிறார்கள். அவர்கள் குட்டியை ஏழு மாதம் நிறுத்தி, 25 கிலோவில், தராசில் போட்டு விற்கப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்குப் பங்கு, பத்துப் பெரிய குட்டி விலை. வங்கியில் நூற்றுக்கு மாதம் ஒரு வட்டிக்கு நகைக்கடன் கிடைக்கும். நகையை வைத்துப் பங்கு போடலாமா? என் கணவர், செல்போன் செயலி ஒன்றில் ஆட்டில் முதலீடு செய்தால் வருஷத்துக்கு 24 சதவீதம் நிச்சயம், அதில் போடலாம் என்கிறார். அம்மாவிடம் சொன்னால், கூடப்பிறந்தவனிடம் கணக்குப் பார்ப்பாயா என்று அழுகிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, ஆடு வளர்ப்பு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. தடுப்பூசி, குடற்புழு மருந்து, பட்டி சுத்தம் எல்லாம் சரியாக நடக்கிறது என்பது 75 குட்டி பிறந்ததில் 8 தான் செத்தது என்று நீங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருப்பதிலேயே தெரிகிறது. வரவு செலவு எழுதி வையுங்கள் என்றும் சொல்லப் போவதில்லை, இவ்வளவு எண்ணிக்கையோடு கடிதம் எழுதுகிறவர் கட்டாயம் எழுதித்தான் வைத்திருப்பார். பங்கு போடலாமா, செயலியில் போடலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்காமல் விட்ட மூன்றாவதில்தான் உங்கள் பணம் போகிறது. அது அந்த முன்பணம்.

கணக்கை ஆட்டிலேயே போட்டுப் பார்ப்போம், விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. பிழைக்கிற 67 குட்டியில், தாய் ஆடாக வளர்க்க நிறுத்த வேண்டியது போக, வருஷத்துக்கு ஏறக்குறைய 50 விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 13 கிலோவில் போகிற குட்டி 25 கிலோவில் போனால் குட்டிக்கு 12 கிலோ கூடுதல், 50 குட்டிக்கு 600 கிலோ. 25 கிலோ குட்டியாகச் சொன்னால் 24 குட்டி. அந்த நாலு மாதத் தீவனம், மருந்து, உங்கள் உழைப்பு எல்லாவற்றுக்கும் பாதியைத் தாராளமாகக் கழித்துவிடுங்கள், 12 நிற்கும். கூடுதல் நாள் நிறுத்துவதில் இரண்டு சாகலாம் என்று கழித்தால் 10. அடுத்தது கண் எடை. உங்கள் அண்ணன் நேர்மையானவர் என்றே வைத்துக்கொண்டாலும், கண்ணால் எடை சொல்கிற எந்த வியாபாரியும் தன் கைக்கு நஷ்டமாகச் சொல்ல மாட்டார். குட்டிக்கு ஒன்றரை கிலோ குறைத்துச் சொன்னால் 50 குட்டிக்கு 75 கிலோ, அதாவது மூன்று குட்டி. ஆக வருஷத்துக்கு 13 பெரிய குட்டி.

இது எதற்கு ஈடாகப் போகிறது? அவர் தந்திருக்கும் 40 சின்னக் குட்டி விலைக்கு. 40 பெருக்கல் 13, 520 கிலோ, கிட்டத்தட்ட 21 பெரிய குட்டி. 21 குட்டி கடனுக்கு வருஷம் 13 குட்டி கொடுக்கிறீர்கள். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. தெருமுனை வட்டிக்காரரிடம் கூட வாங்க யோசிக்கிற வட்டி இது. அசல் ஒரு குட்டி கூடக் குறையவில்லை என்பதையும் பாருங்கள்.

என் கணக்கு ஒன்றிரண்டு குட்டி முன்னே பின்னே இருக்கலாம். உங்கள் மேய்ச்சல் நிலம் வறண்ட மாதங்களில் எப்படி இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை, தீவனம் இல்லாத காலத்தில் குட்டியை நிறுத்தினால் எடை ஏறாது, செலவுதான் ஏறும். ஆனால் 13 என்பது 8 ஆகக் குறைந்தாலும் மாதம் மூன்று வட்டிக்கு மேல்தான் நிற்கிறது.

இதைவிட எனக்குக் கவலையாக இருப்பது 85 எப்படி 60 ஆனது என்பது. நோய் வந்து போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: பாக்கிக்காக அண்ணன் வந்து பிடிக்கும்போது பெட்டைக் குட்டிகளும் சேர்ந்து போகின்றன. ஒரு தாய் ஆடு ஐந்தாறு வருஷம் ஈனும் என்றால் 60 ஆட்டுக்கு வருஷம் பத்துப் பன்னிரண்டு வயதாகிக் கழியும், நடுவில் இரண்டு சாகும். அப்படியானால் வருஷம் 14 பெட்டைக் குட்டியாவது உங்கள் பட்டியில் நிற்க வேண்டும். நீங்கள் எத்தனை நிறுத்துகிறீர்கள்? இன்று சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குத் திரும்பியதும் ஒவ்வொன்றாகக் கீழ்த்தாடையைத் திறந்து பல் பாருங்கள். செம்மறிக்குக் கீழே முன்பற்கள் எட்டுதான், நாலு வயது வாக்கில் எட்டும் நிரம்பிவிடும், அதற்கு அப்புறம் தேயும், இடைவெளி விடும், உடையும். இரண்டு பல், நாலு பல் மட்டும் முளைத்த இளம் ஆடுகள் கைவிரலுக்குள் அடங்கி, பல் தேய்ந்ததும் விழுந்ததும்தான் நிறைய இருக்கிறது என்றால், நீங்கள் விற்றுக்கொண்டிருந்தது வருமானத்தை அல்ல, மூலதனத்தை.

இது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. ஒரு வட்டாரத்தின் இறைச்சித் தொழில் தேய்வது பெரும்பாலும் இப்படித்தான். குட்டி எடை ஏறுவதற்கு முன்னால் வெளியே போகிறது, வேறு எங்கோ கொழுக்கிறது, வேறு எங்கோ அறுபடுகிறது. உள்ளூர் இறைச்சிக்கூடத்துக்குத் தண்ணீர், குளிரூட்டல், கால்நடை மருத்துவர் பரிசோதனை, கழிவு அகற்றல் எல்லாம் நாளைக்குப் பத்து ஆடு வந்தாலும் ஐம்பது வந்தாலும் ஏறக்குறைய ஒரே செலவு, வரத்து குறைந்தால் ஆட்டுக்கு ஆகும் கூலி ஏறும், ஏறினால் இன்னும் வரத்து குறையும், ஒரு நாள் மூடிவிடுவார்கள். மூடிய பிறகு எந்த முத்திரையை எதில் குத்துவது?

பிரிட்டனில் இங்கிலாந்தை ஒட்டியுள்ள வேல்ஸ் நாட்டு ஆட்டிறைச்சிக்கு 2003-ல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது, அங்கே பிறந்து அங்கே வளர்ந்த ஆட்டுக்குத்தான் அந்தப் பெயர். விளம்பரத்துக்கான பணம் ஒவ்வொரு ஆட்டுக்கும் சிறு தொகையாகப் பிடிக்கப்படுகிறது, ஆனால் ஆடு பிறந்த இடத்தில் அல்ல, அறுபடுகிற இடத்தில். அதனால் வேல்ஸில் வளர்ந்து இங்கிலாந்தில் அறுபட்ட ஆட்டின் பணம் பல காலம் இங்கிலாந்துக் கணக்கில்தான் சேர்ந்தது, 2021-ல்தான் அதைத் திருப்பித் தர ஏற்பாடு வந்தது. ஆடு எங்கே போகிறதோ அங்கேதான் பணமும் போகும். நியூசிலாந்தைப் பாருங்கள். 1984-ல் விவசாய மானியங்களை நிறுத்தினார்கள். 1982-ல் 7 கோடியாக இருந்த செம்மறிகள் இன்று அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் இறைச்சி அந்த அளவுக்குக் குறையவில்லை, ஏனென்றால் 14 கிலோ அளவில் இருந்த ஒரு குட்டியின் உரித்த எடை 19 கிலோவை நெருங்கிவிட்டது. அவர்கள் காட்டிய வழி இதுதான்: எண்ணிக்கையைப் பெருக்கவில்லை, ஒவ்வொரு குட்டியையும் முழுசாக வளர்த்தார்கள்.

சரி, குழுவின் பங்குக்கு வருவோம். திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, 22 குடும்பம் தராசு வைத்து விற்பதே பெரிய காரியம். ஆனால் நகையை வைத்து இப்போது பங்கு போடாதீர்கள். பங்கு போட்டுவிட்டு, குட்டியை அண்ணனிடம் மூன்று மாதத்தில் கொடுத்தால் குழுவுக்கு எதை அனுப்புவீர்கள்? அதோடு அந்தக் குளிர்பதன வண்டி விஷயம் என்னை உறுத்துகிறது. வண்டி குளிர்ந்த இறைச்சியைக் குளிராகவே வைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். அறுத்த சூட்டோடு இருப்பதைக் குளிர வைக்கக் குளிரறை வேண்டும், உள்சதை 7 டிகிரிக்கு வந்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்காக அவசரப்பட்டுக் குளிர்த்தாலும் ஆபத்து, முதல் 10 மணி நேரத்துக்குள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சதை சுருங்கி இறுகிப் போகும், ஆட்டிறைச்சியில் இது சீக்கிரம் நடக்கும். முதல் மாதமே வாங்கினவர்கள் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெயரை அப்புறம் எந்த விளம்பரமும் மீட்காது. குளிரறை எங்கே, யாருடையது என்று கேளுங்கள். தொடையும் விலாவும் நல்ல விலைக்குப் போன பிறகு கழுத்து, தலை, குடல், தோல் யார் வாங்குவார்கள் என்றும் கேளுங்கள். முழு ஆட்டுக்கும் கிராக்கி இல்லாத திட்டம் கையைக் கடிக்கும். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வரட்டும், அடுத்த வருஷம் பங்கு போடலாம்.

செயலி வேண்டாம். உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆடு சினையாகி ஈனவே 150 நாள், அப்புறம் குட்டி வளர வேண்டும், மழை, நோய், விலை எல்லாம் நடுவில் நிற்கிறது. இதில் 24 சதவீதம் நிச்சயம் என்று எவராவது சொன்னால், அவர் புதிதாகச் சேருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிறாரோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். என் ஆட்டின் காதுவில்லை எண் என்ன, காப்பீடு யார் பெயரில், செத்தால் நஷ்டம் யாருக்கு, நான் நேரில் வந்து பார்க்கலாமா? இந்த நாலையும் கேட்கச் சொல்லுங்கள். சொந்தப் பட்டியில் 60 ஆட்டை வைத்துக்கொண்டு கண்ணில் காணாத ஆட்டுக்குப் பணம் அனுப்புவது எனக்கு விளங்கவே இல்லை.

இனி செய்ய வேண்டியது. பல் விழுந்தது, மடி கட்டிப்போனது, இரண்டு தடவை சினை பிடிக்காதது என்று எட்டு ஆடாவது தேறும், அவற்றைத் தராசில் போட்டு விற்றுவிடுங்கள். கிழட்டு ஆட்டுக்கு விலை குறைவு என்பதால் 180 கிலோ குட்டிக்குச் சமம் என்று வைத்தால், பாக்கி 520 என்பது 340 ஆகும், கிட்டத்தட்ட 14 பெரிய குட்டி விலை. அதற்கு மட்டும் நகையை வங்கியில் வையுங்கள். ஆம், நகைக்கடன் வாங்கத்தான் சொல்கிறேன், ஆனால் பங்குக்கு இல்லை, அண்ணன் பாக்கியை முழுசாக அடைப்பதற்கு. 14 குட்டிக்கு நூற்றுக்கு ஒரு வட்டி என்றால் வருஷத்துக்கு இரண்டு குட்டிகூட இல்லை. இப்போது போவது 13.

எல்லாக் குட்டியையும் ஒரேயடியாக ஏழு மாதம் நிறுத்தாதீர்கள். அந்த நாலு மாதம் வீட்டில் காசு இருக்காது, மறுபடி அண்ணன் வாசலில் நிற்பீர்கள். முதல் வருஷம் பாதி மட்டும், அதுவும் புல் இருக்கிற காலத்துக்குள் வளர்ந்துவிடும் 25 குட்டியைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். மீதியை வழக்கம்போல் விற்று வீட்டுச் செலவைப் பாருங்கள், ஆனால் தராசில். பெரிய குட்டி விற்ற பணத்தில் வேறு எதையும் தொடாமல் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். 14 பெட்டைக் குட்டிகளுக்குக் காதில் அடையாளம் போட்டு, யார் வந்து கேட்டாலும் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவை ஈன ஆரம்பித்ததும் கழித்த எட்டும் ஈடாகிவிடும்.

அண்ணனிடம் பேசுவதுதான் கஷ்டம் என்று தெரியும். அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள், எட்டு வருஷம் உங்களுக்கு அவசரத்தில் கை கொடுத்தவர் அவர், இந்தக் கணக்கை அவரே போட்டுப் பார்த்திருக்க மாட்டார். வட்டி கேட்டாரா, ஏமாற்றினாரா என்ற பேச்சுக்கே போக வேண்டாம். ஒரு காலை ஆடு மேயப் போவதற்கு முன்னால், வயிறு வெறுமையாக இருக்கும்போது, ஒரு தொங்கு தராசை மரத்தில் கட்டி, சாக்குத் தொட்டிலில் மூன்று குட்டியை அவர் கண்ணெதிரே போடுங்கள். மேய்ந்து தண்ணீர் குடித்த பிறகு போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் ஏமாற்றும், அதை அவர் சரியாகவே சுட்டிக்காட்டுவார். முதலில் அவரையே எடை சொல்லச் சொல்லுங்கள், அப்புறம் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் "அண்ணா, பாக்கியை முழுசாகத் தந்துவிடுகிறேன், இனிமேல் எடைக்கு வாங்கிக்கொள், வேறு யாருக்கும் கொடுக்கும் முன்னால் உன்னிடம்தான் கேட்பேன்" என்று சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். பாக்கியைத் திருப்பிக் கொடுக்கிற தங்கையைப் பார்த்து அம்மா அழ மாட்டார்.

இன்னொன்று, குழுவுக்கும் அண்ணன் தேவைப்படுவார். தலை, குடல், தோல் எந்தக் கடைக்கு எந்த நாளில் போகும் என்று அந்த 22 குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தச் சரக்கை எடுத்துக்கொள்வாரா என்று குழுக்காரர்களை அவரிடம் பேசச் சொல்லுங்கள். பல் பார்த்த பிறகு, எத்தனை ஆட்டுக்கு எத்தனை பல் என்று எனக்கு எழுதுங்கள். 14 என்ற எண்ணை அதை வைத்துத் திருத்திச் சொல்கிறேன்.