முப்பது வயதுக்கு மேல், எந்தச் சினிமாப் பின்னணியும் இல்லாமல், சமூகப் பிரச்சினைகளைப் பேசும் படங்கள் எடுக்க வர முடியுமா? ஆப்பிரிக்காவில் அப்படி யாராவது வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார். செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன். முதல் படம் வெளிவந்தபோது அவருக்கு வயது 40. அதற்குள் கொத்து வேலை, ராணுவ லாரி, கார் தொழிற்சாலை, துறைமுகத்தில் சரக்கு இறக்குவது என்று பல வேலைகள் பார்த்துவிட்டார். 'ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. அவர் ஏன் சினிமாவுக்கு வந்தார் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1923-ல், தெற்கு செனகலின் ஸிகின்ஷோர் ஊரில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் தலைமையாசிரியரோடு கைகலப்பு ஏற்பட்டு வெளியே அனுப்பப்பட்டார். முறையான படிப்பு அத்தோடு முடிந்தது. அப்பாவோடு கடலுக்குப் போகலாம் என்றால் உடம்பு ஒத்துவரவில்லை. டக்கார் நகரத்துக்குப் போய்க் கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். 1944-ல் பிரெஞ்சுக் காலனிப் படையில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச காலத்தில், 1947-ல், டக்கார்–நைஜர் ரயில்பாதைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நடத்திய பெரிய வேலைநிறுத்தம் வந்தது. அதை நேரில் பார்த்தவர் அவர். அப்புறம் கப்பலில் ஒளிந்துகொண்டு பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

பாரிசில் சிட்ரோயன் ஆலையில் சில காலம். பிறகு மார்செய் துறைமுகம். அங்கே தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். சரக்கு இறக்கும்போது முதுகெலும்பில் பலத்த அடிபட்டுப் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். படிப்பு தீவிரமானது இந்தச் சமயத்தில்தான். தொழிற்சங்கத்தின் நூலகம் கைகொடுத்தது. படித்தவற்றில் தன்னைப் போன்ற ஆப்பிரிக்கத் தொழிலாளியை எங்கும் காணோம் என்பதால் தானே எழுத உட்கார்ந்தார். 1956-ல் முதல் நாவல் வந்தது, மார்செய் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு கறுப்புத் தொழிலாளியின் கதை. 1960-ல் அந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை வைத்து எழுதிய நாவல் அவருக்குப் பெரிய பெயரைக் கொடுத்தது.

இங்கேதான் அவர் வாழ்க்கை திரும்புகிறது. அதே 1960-ல் செனகல் சுதந்திரம் அடைந்தது. செம்பேன் ஊர் திரும்பி ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைச் சுற்றி வந்தார். அவர் எழுதியது பிரெஞ்சில். அந்த வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்த தொழிலாளர்களும், ஊர்வலம் போன பெண்களும் தங்களைப் பற்றிய அந்த நாவலைப் படிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு எழுத்தே தெரியாது. படித்துப் பாராட்டியவர்களில் பலர் ஐரோப்பியர்கள். ஓர் எழுத்தாளனாக இது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதையைத் தன் மக்களிடம் கொண்டுபோக சினிமாதான் வழி என்று முடிவெடுத்தார். சினிமாவை 'இரவுப் பள்ளி' என்றே சொல்லிவந்தார்.

ஆக, கேமரா மோகத்தில் வந்தவர் இல்லை. யாரிடம் பேச வேண்டும் என்பது முதலில் தெரிந்திருந்தது, கருவியை அதற்காகத் தேடினார். 1962-ல் மாஸ்கோ போய் கார்க்கி ஸ்டூடியோவில் இயக்குநர் மார்க் டான்ஸ்காயிடம் ஒரு வருடம் போலத் தொழில் கற்றார். அப்போது அவருக்கு வயது 39. ஆப்பிரிக்கர்கள் சினிமாவுக்கு இவ்வளவு தாமதமாக வந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. 1934-ல் பிரெஞ்சு அரசு போட்ட ஒரு ஆணைப்படி, அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் படம் எடுப்பதானாலும் நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். நடைமுறையில், ஆப்பிரிக்கர்கள் தங்கள் மண்ணைத் தாங்களே படம் பிடிக்க வழியில்லாமல் போனது.

திரும்பி வந்து 1963-ல் எடுத்த 'போரோம் சாரெட்' சுமார் 20 நிமிடப் படம். டக்காரில் குதிரை வண்டி ஓட்டும் ஒரு ஏழையின் ஒரு நாள். காசு தராத சவாரிகள், இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு தகப்பன், கடைசியில் வண்டிகளுக்கு அனுமதி இல்லாத பணக்காரப் பகுதிக்கு ஒரு சவாரி. போலீஸ்காரர் வண்டியைப் பறிமுதல் செய்துவிடுகிறார். கதை அவ்வளவுதான். சுதந்திரம் வந்து மூன்று வருடம் ஆகியும் யார் வாழ்க்கை மாறியது, யாருடையது மாறவில்லை என்பது அதில் முழுதாக இருக்கிறது.

1966-ல் வந்த 'பிளாக் கேர்ல்' பிரான்சுக்கு வீட்டு வேலைக்குப் போகும் டக்கார் பெண் ஒருத்தியைப் பற்றியது. செய்தித்தாளில் வந்த ஓர் உண்மைச் சம்பவத்தை முதலில் சிறுகதையாக எழுதி, பிறகு படமாக்கினார். பிரான்சில் ழான் விகோ பரிசு கிடைத்தது. ஆனாலும் அந்தப் படத்தில் அவள் மனதுக்குள் பேசுவதுகூட பிரெஞ்சில்தான். அந்தக் குறை 1968-ல் 'மண்டாபி' படத்தில் தீர்ந்தது. பிரெஞ்சு அரசு நிதி கொடுத்ததால் பிரெஞ்சில் ஒரு வடிவம் எடுத்தாக வேண்டும். சரி என்று அதையும் எடுத்து, தன் மக்களுக்காக, செனகலில் பெரும்பாலோர் பேசும் வொலோஃப் மொழியில் தனியாக இன்னொரு வடிவமும் எடுத்தார்.

எனக்கு அவர் படங்களிலேயே மிக நெருக்கமானது 'மண்டாபி'. வேலையில்லாத நடுத்தர வயதுக்காரர் இப்ராஹிமா தியெங்குக்குப் பாரிசில் தெருக்கூட்டும் சகோதரி மகனிடமிருந்து 25,000 பிராங்க் மணியார்டர் வருகிறது. அதை வாங்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பிறந்த தேதி வேண்டும், அது அவருக்கே சரியாகத் தெரியாது. பணம் வந்த செய்தி மட்டும் தெரு முழுக்கப் பரவிவிடுகிறது. கடன் கேட்பவர்கள் வாசலில் நிற்கிறார்கள். படித்த உறவினர் ஒருவர் உதவுவதாகச் சொல்லிப் பணத்தை அமுக்கிவிடுகிறார். வாரிசுச் சான்றிதழுக்காக என் அம்மா அலைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அந்தக் கவுன்ட்டர் காட்சிகளைப் பார்க்கும்போது நெஞ்சு அடைத்தது. தியெங் ஒன்றும் உத்தமர் இல்லை. வீட்டில் மனைவிகளை அதட்டுகிறவர், வீண் ஜம்பம் உள்ளவர். பாதிக்கப்பட்டவரை அப்பழுக்கற்றவராகக் காட்ட வேண்டும் என்று செம்பேன் நினைக்கவில்லை. சமூகப் படம் எடுக்க வரும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

இப்படிப் பேசினால் விலை கொடுக்க வேண்டியிருக்கும், கொடுத்தார். புதிய ஆளும் வர்க்கத்தைத் தோலுரித்த 'ஹாலா' (1975) செனகலில் வெட்டுகளோடுதான் வெளியானது. மதத்தையும் அதிகாரத்தையும் பற்றிய 'செட்டோ' (1977) பல வருடம் தடையில் இருந்தது. தலைப்பில் ஓர் எழுத்து இரட்டிப்பது அரசின் எழுத்துமுறைக்கு விரோதம் என்பது அதிகாரபூர்வக் காரணம். செம்பேன் அந்த எழுத்தை மாற்ற மறுத்துவிட்டார். ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு, பாக்கிச் சம்பளம் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களை 1944 டிசம்பர் 1-ம் தேதி டக்காருக்கு அருகே தியாரோய் முகாமில் பிரெஞ்சு ராணுவம் சுட்டுக் கொன்றது. அதை 1988-ல் தியெர்னோ ஃபாட்டி சோவுடன் சேர்ந்து படமாக்கினார். பிரெஞ்சுப் பணம் ஒரு காசு இல்லை. செனகல், அல்ஜீரியா, துனிசியா மூன்றும் சேர்ந்து தயாரித்தன. அதைப் படுகொலை என்று ஒரு பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.

கடைசிப் படம் 'மூலாடே' (2004), அவருக்கு 81 வயதில். பெண் உறுப்புச் சிதைப்புச் சடங்குக்குப் பயந்து ஓடிவரும் நான்கு சிறுமிகளுக்குக் கொல்லே என்ற பெண் அடைக்கலம் தருகிறாள். வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டுகிறாள், அவ்வளவுதான். அவள் வாயால் விலக்கும்வரை அதை யாரும் தாண்டக் கூடாது. ஊர் ஆண்கள் பெண்களின் ரேடியோக்களைப் பறித்துக் கொளுத்துகிறார்கள். புருஷன் ஊர் நடுவே சாட்டையால் அடிக்கிறான். அவள் வாயைத் திறப்பதில்லை. வழக்கத்தை எதிர்க்கும் வலிமை அதே ஊரின் இன்னொரு வழக்கத்திலிருந்தே வருகிறது. வெளியிலிருந்து வந்து உபதேசம் செய்யும் ஆள் இந்தக் கதைக்குத் தேவைப்படவில்லை. கான் விழாவில் பரிசு வாங்கிய படம். 2007-ல் டக்காரில் செம்பேன் காலமானார்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் படத்தை யார் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? திரைப்பட விழா நடுவர்களா, அல்லது எந்த மக்களைப் பற்றி எடுக்கிறீர்களோ அவர்களா? இரண்டும் ஒன்றாக அமையலாம், செம்பேனுக்கு அமைந்தது. ஆனால் மொழி, பணம், திரையிடும் இடம் என்று ஒவ்வொன்றையும் அவர் இரண்டாமவர்களை மனதில் வைத்தே முடிவு செய்தார். வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நீங்கள் இதுவரை பார்த்த வேலையும் பழகிய மனிதர்களும்தான் உங்கள் கைமுதல்.

முதலில் 'போரோம் சாரெட்' பாருங்கள், பிறகு 'மண்டாபி'. 'மூலாடே'யை மட்டும் தனியாகப் பார்க்காமல் நாலு பேரோடு சேர்ந்து பாருங்கள், முடிந்ததும் பேச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவரும் கிராமம் கிராமமாகப் படச்சுருள்களைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஊர்க்காரர்களோடு விவாதித்தவர்தான்.